எடை குறைப்பு அறுவைக்குப் பின் தொழில் பயணம்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை என்பது மிகுந்த உடற்பருமன் உடையோருக்கு இரைப்பையைச் சிறிதாக்கியோ உணவுப் பாதையை மாற்றியமைத்தோ செய்யப்படும் மருத்துவம் ஆகும். இதிலிருந்து மீண்டுவரும் காலத்தில் தொழில் நிமித்தம் நெடுந்தொலைவு செல்வது இடர் உடையது.

இடர்களுள் முதன்மையானது கால் சிரைகளில் குருதி உறைதல். உறைகட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கு ஆபத்தாகும். அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் இவ்வாய்ப்பு மிகுதி. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து பயணிப்பது பொதுவாக எவருக்கும் இவ்வாய்ப்பை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது என உலக சுகாதார அமைப்பு 2007-இல் அறிவித்தது. விமானத்துக்கு மட்டுமன்றித் தொடர்வண்டி, பேருந்து, மகிழுந்துக்கும் இது பொருந்தும். சென்னை சென்ட்ரலில் புறப்பட்டுப் பேசின் பிரிட்ஜ் வழியே தில்லி செல்லும் தமிழ்நாடு விரைவுவண்டியின் பயண நேரம் 30 மணிக்கும் மேல். எனினும் பெட்டிக்குள் எழுந்து நடக்க இயல்வதால் மகிழுந்துப் பயணத்தை விட இது ஏற்றது எனலாம்.

உடலில் நீர் குறைவதும் உறைதலைத் தூண்டும். சிறுத்த இரைப்பை ஒரு குவளை நீரை ஒரே மூச்சில் ஏற்காது; நாள் முழுதும் மிடறு மிடறாகவே பருக வேண்டும். உணவுப் பாதை மாற்றப்பட்டோருக்கு இனிப்பு மிகுந்த தேநீரும் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தரக்கூடும். தொழில் விருந்துகளில் பருகும் மது அவர்களுக்கு விரைவில் போதையூட்டும். தலைவலிக்கு இப்யூபுரூஃபன் உட்கொண்டால் இணைப்பிடத்தில் புண் உண்டாகலாம்.

வழியில் காய்ச்சல், விரைந்த நாடித்துடிப்பு, வயிற்றுவலி ஆகியன தோன்றினால் அவை தையலிடக் கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிலையில் பயணத்தை நிறுத்தி அருகிலுள்ள மருத்துவமனையை அடைதல் வேண்டும்.