மேட்டில் வரும் நடுக்கம்

மதுரையிலிருந்து தேனிக்குப் போகிறவர்கள் உசிலம்பட்டியைத் தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்கியாக வேண்டும். பெரிய ஏற்றம் என்று சொல்வதற்கில்லை. கொடைக்கானல் மலைப்பாதையைக் கண்டவர்கள் இதைக் கணவாய் என்று ஒப்புக்கொள்ளவே யோசிப்பார்கள். ஆனால் மோட்டார் வண்டிக்குள் ஒளிந்திருக்கும் வியாதியை வெளியே இழுத்துப் போட இந்த மேடு போதும். சமவெளியில் சாதுவாக ஓடிவந்த கார், டிரைவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் குளிர்ஜுரம் கண்டவனைப் போல உதறும். காலை எடுத்தால் நிற்கும். மறுபடி அழுத்தினால் மறுபடி வரும்.

இந்த 'அழுத்தினால் மட்டும்' என்பதில்தான் நாடி இருக்கிறது. வேகத்தைப் பொறுத்து வரும் நடுக்கம் வேறு ஜாதி. அது பெரும்பாலும் சக்கரத்தைச் சேர்ந்தது, காலை எடுத்தாலும் அதே வேகம் இருக்கிறவரை விடாது. பாரம் இழுக்கும்போது மட்டும் உதறினால், என்ஜினிலோ, அங்கே பிறந்த பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியிலோ கோளாறு என்று அர்த்தம். அந்தச் சிறிய வழி எத்தனை மேதைகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பது ஒரு தனிச் சரித்திரம்.

என்ஜினே நடுங்கப் பிறந்த யந்திரம். உள்ளே நெருப்பு விட்டு விட்டு வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் ஒரு குத்து. இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் என்பவர் 1890-களிலேயே, எதிரெதிராகச் சுழலும் இரண்டு கிராங்க் ஷாப்டுகளை வைத்து ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்றால் அடக்கப் பார்த்தார். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனிக்காரர்கள் 1931-ல் தங்கள் பிளைமவுத் காரில் வேறு தந்திரம் செய்தார்கள். ஆடாதே என்று என்ஜினைச் சட்டத்தோடு முடுக்கிக் கட்டுவதற்குப் பதிலாக, ஆசை தீர ஆடிக்கொள் என்று ரப்பர் மேல் உட்கார்த்திவிட்டார்கள். என்ஜின் ஆடியது, உள்ளே இருந்தவர்கள் ஆடவில்லை. பிரான்ஸின் சிட்ரோயன் கம்பெனி உரிமை வாங்கி இதையே தன் கார்களில் பயன்படுத்தியது. அந்த ரப்பர் கிழிந்தால் பழைய குத்து முழுசாக நம் முதுகுக்கு வந்து சேரும்.

என்ஜினைத் தாண்டினால் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். பின்சக்கரம் இழுக்கும் கார்களில், முன்னே இருக்கும் கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு ஒரு நீண்ட ஷாப்ட் போகிறது. சாலைப் பள்ளத்தில் அச்சு ஏறி இறங்குவதால் ஷாப்டின் இரண்டு முனையிலும் வளைந்து கொடுக்கும் மூட்டு வேண்டும்: ஒரு சிலுவைத் துண்டு, அதன் இருபுறமும் கவைபோல இரண்டு பிடிகள். இதை லண்டனில் ராபர்ட் ஹூக் 1676-ல் அச்சிட்ட நூலில் விவரித்திருக்கிறார். மோட்டாரைப் பற்றிச் சொப்பனத்தில்கூட நினைக்க முடியாத காலம். அவருக்கு வானத்தைப் பார்க்கும் கருவிகளுக்குத் தேவைப்பட்டது. இந்த மூட்டு வளைந்து நின்றால் ஒரு வினோதம் செய்யும். இந்தப் பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும், அந்தப் பக்கம் ஒரு சுற்றில் இரண்டு தடவை முந்தி, இரண்டு தடவை பிந்தும். சூரியக் கடிகாரத்தின் தட்டில் நிழல் மணிக்கு மணி சமமாக நகருவதில்லையே, அதே கணக்கு. ஹூக் இதைக் கண்டுகொண்டார். மூட்டு இரண்டாக இருந்து, ஷாப்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேராக அமைந்தால், முன்னது செய்த தப்பைப் பின்னது சரிக்கட்டிவிடும். கோணலாக அமைந்தால் தப்பு தீராது, சமயத்தில் இரட்டித்துவிடும்.

மதுரை–போடி ரயில் பாதையை அகலமாக்குவதற்காக 2011 தொடக்கத்தில் வண்டி நின்றது. 2022 மே மாதத்தில்தான் தேனி வரை மறுபடி ஓடிற்று. நடுவில் சாலையை விட்டால் கதியில்லை. அந்த வருஷங்களில் ஒருநாள் நான் அமர்த்திக்கொண்ட அம்பாஸிடர், கணவாயில் பல் கிட்டும்படி உதறிற்று. டிரைவரே சொந்தக்காரர். டீசல் பம்பைப் பிரித்தாயிற்று, நாசில் பார்த்தாயிற்று, என்ஜின் ரப்பர் நான்கையும் மாற்றியாயிற்று. இனி என்ஜினையே இறக்கவேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்களாம். "சம்சாரத்தோட சங்கிலி ஏற்கெனவே பேங்க்ல இருக்கு சார்" என்றார்.

ஆண்டிபட்டியில் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் நிறுத்தினோம். வயதான மெக்கானிக். பானட்டைத் திறக்கவே இல்லை.

"தம்பி, ஒதறல் எப்ப ஆரம்பிச்சுது?"

"ரெண்டு மாசம் இருக்கும்ண்ணே."

"அதுக்கு முன்னால என்ன வேலை பாத்தீக?"

"கிளட்ச் பிளேட் மாத்துனோம்."

அவ்வளவுதான். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். கிளட்சை மாற்றக் கியர்பெட்டியை இறக்கவேண்டும். அதற்கு ஷாப்டைக் கழற்றவேண்டும். திரும்ப மாட்டியவர்கள் நடுவில் உள்ள பல்லிணைப்பை விலக்கி மாட்டியிருந்தார்கள். ஒரு கவை கிழக்கே பார்த்தால் இன்னொன்று தென்கிழக்கே பார்த்தது. சமவெளியில் வளைவு குறைவு, ஆகையால் பொறுத்துப் போயிற்று. மேட்டில் பலம் பாயும்போது கமான் பட்டை மேல் இருக்கும் பின் அச்சு மூக்கைச் சற்றுத் தூக்கும், மூட்டின் கோணம் மாறும், உடனே உதறல். அரை மணியில் சரிசெய்து அவர் வாங்கிய கூலி, நாங்கள் அன்று குடித்த டீ, வடைக்குமேல் அதிகமில்லை. ராபர்ட் ஹூக்கின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். கேள்விப்பட்ட எத்தனையோ பேருக்கு அந்தக் கவை கண்ணில் படாது.

அம்பாஸிடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. அதற்கு வெகு முன்பே, 1983 டிசம்பரில், மாருதி 800 முன்சக்கரத்தால் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேண்டும் என்றால் ஹூக்கின் மூட்டு உதவாது. ஆல்பிரட் ஜெப்பா என்ற போர்டு கம்பெனி என்ஜினீயர் 1920-களில் கண்டுபிடித்த, குண்டுகள் வைத்த மூட்டுதான் அதற்கு ஏற்றது. இங்கிலாந்தின் மினி கார் 1959-ல் அதைச் சாமானியர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. ஷாப்ட் முன்னே குடியேற, நடுக்கமும் கூடவே குடியேறிற்று. இப்போது பல கார்களில் கியர்பெட்டியை ஒட்டிய உள்மூட்டில் மூன்று உருளைகள் மூன்று தடங்களில் ஓடுகின்றன. வெளிமூட்டு தேய்ந்தால் வண்டி திரும்பும்போது 'கடகட' என்று ஊரைக் கூட்டும். உள்மூட்டு ஊமை; மேட்டில் அழுத்தினால்தான் உதறும். சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தாலும் தெரியாது. ரப்பர் உறையை நீக்கி, கிரீஸைத் துடைத்துவிட்டு, தடத்தின் சுவரில் விரலை ஓட்டினால் நகத்துக்கு ஒரு பள்ளம் தட்டுப்படும்.