குழை மிதித்த கால்கள்

நாகர்கோவிலில் ஒரு பாரம்பரிய நெல் கூட்டம். மேசை நிறையத் தட்டுகள், தட்டுகளில் பழைய நெல் வகைகள். நாஞ்சில் நாட்டின் பழைய பண்ணை வீடு ஒன்றின் வாரிசு மேடையில் பேசிக்கொண்டிருந்தார். 'எங்கள் முன்னோர் யூரியாவைக் கண்டார்களா? குழை மிதித்து, தொளி கலக்கி, இந்த மண்ணை உயிரோடு வைத்திருந்தார்கள்' என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. யாருடைய முன்னோர்? மிதித்த கால் யாருடையது?

எங்க பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. அவளுடைய இரண்டு பாதங்களிலும் விரலிடுக்கில் தோல் கட்டிபட்டுக் கிடக்கும். சேத்துப்புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, மறுபடி ஆறின தடம். 'குழை மிதிச்ச காலு மக்கா' என்பாள். அந்தக் கூட்டத்தில் நெல்லைத் தட்டில் வைத்தார்கள். கால்களை எந்தத் தட்டில் வைப்பது?

குழை மிதிப்பு என்றால் என்ன என்று இப்போதைய மாணவத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டில் வருஷத்துக்கு இரண்டு பூ. கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ, கும்பத்தில் அறுப்பது கும்பப்பூ. நடவுக்கு முன் பொற்றையிலும் குளத்தங்கரையிலும் கொழுஞ்சி, ஆவாரை, எருக்கு, பூவரசு என்று வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து வயலில் பரப்புவார்கள். முழங்கால் தொளியில் வரிசையாக நின்று மிதித்துப் புதைக்க வேண்டும். குச்சி குத்தும், முள் ஏறும். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். மிதித்து முடித்ததும் நட்டுவிட முடியாது. 'கொழுஞ்சின்னா சீக்கிரம் அழுவிரும். பூவரசங்கம்பு கிடந்து இழுக்கும். நாத்தம் வந்து, நாத்தம் போகணும். பொறவுதான் நடணும். முன்னால நட்டா நாத்து மஞ்சளடிச்சுப் போவும்.' பாட்டி சொன்னது இது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்.

வேளாண்மை படித்த நண்பனிடம் இதை அப்படியே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. 'இது எங்க பாடத்தில் ஒரு அத்தியாயம்' என்றான். தண்ணீர் நிற்கும் தொளிக்குள் காற்று போகாது. காற்றில்லாமல் வாழத் தெரிந்த நுண்ணுயிர்கள் அங்கே தழையைத் தின்னும். தழையிலிருக்கும் தழைச்சத்து அம்மோனியமாகப் பிரிந்து சேற்றிலேயே தங்கும். நெல் அதை எடுத்துக்கொள்ளும். அழுகத் தொடங்கும் நாட்களில் கரிமக் காடிகளும் வாயுக்களும் பொங்கும். இளவேர் அதில் கருகும். பாட்டியின் 'நாத்தம் வந்து, நாத்தம் போகணும்' என்பதற்கு விளக்கம் இவ்வளவுதான். கொழுஞ்சி பயறு இனம். அதன் இலையில் தழைச்சத்து கூடுதல், அதனால் நுண்ணுயிர் விரைவாகத் தின்று தீர்க்கும். பூவரசங்கம்பில் மரச்சத்து கூடுதல், அது இழுக்கும்.

கொழுஞ்சிக்கு அந்தச் சத்து எங்கிருந்து வந்தது? பயறுச் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேரில் மணிமணியாக முடிச்சு இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே ரத்தச் சிவப்பு. சின்ன வயதில் உளுந்து பிடுங்கப் போன இடத்தில் அதைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். அது நோய் என்றே அறிஞர்களில் பலரும் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், தன் கூட்டாளி வில்ஃபார்த்தோடு செய்த சோதனைகளைக் கொண்டு, பயறு இனம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பது இந்த முடிச்சின் வழியாகத்தான் என்று காட்டினார். 1888இல் ஹாலந்தின் பெய்யரிங்க் முடிச்சுக்குள்ளிருந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். ரைசோபியம் என்று இப்போது பாக்கெட்டில் விற்பது அந்த இனம்தான். செடி சர்க்கரை கொடுக்கும், பாக்டீரியா அம்மோனியா கொடுக்கும். அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள். முடிச்சுக்குள் ஆக்சிஜனை அளவோடு வைத்திருப்பது அதன் வேலை. பயறு இல்லாத நெல்வயலிலும் நீலப்பச்சைப் பாசி நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று 1939இல் வங்காளத்து பி.கே. டே எழுதினார்.

இதெல்லாம் அறிவியல் வரலாறு. இதே ஆண்டுகளை ஒட்டி எங்கள் மண்ணில் ஓடிய இன்னொரு வரலாறு இருக்கிறது.

1836இல் திருவிதாங்கூரில் எடுத்த குடிக்கணக்கில் மொத்தம் 12,80,668 பேர். அதில் 1,64,864 பேர் அடிமைகள். எட்டில் ஒருவர். நாஞ்சில் நாடு அந்தச் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். 1812இல் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை விற்பனையைத் தடை செய்தார் என்று பெருமையாக எழுதுவார்கள். வயலோடு கட்டப்பட்ட அடிமைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்பதை அடுத்த வரியில் எழுத மறந்துவிடுவார்கள். பறையர், புலையர், பள்ளர் அந்த விலக்குக்குள் கிடந்தார்கள். கோயிலும் அரசும் பண்ணையும் நெல்லை விட முடியாது, நெல்லை விட முடியாதென்றால் எங்களை விட முடியாது. 1847இல் மிஷனரிகள் மன்னருக்கு மனுக்கொடுத்தார்கள். 1853இல் பாதி விடுதலை. 1855 ஜூன் 24ஆம் தேதிப் பிரகடனத்தில்தான் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஏட்டில் ஒழிந்தது வயலில் எப்போது ஒழிந்தது என்று பாட்டியின் காலைக் கேட்க வேண்டும்.

அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படித்து ஆராய்ந்தார். பின்னாளில் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். அதில் அடிமை ஆவணங்கள் இருக்கின்றன. ஆள் விற்றது, வாங்கியது எல்லாம் ஓலையில் ஏறியிருக்கிறது. விலை போட வேண்டிய இடத்தில் எங்கள் ஆட்களை எழுதத் தெரிந்திருக்கிறது. எந்த வயலுக்கு எந்தக் குழை, எந்த நெல்லை விதைக்கு ஒதுக்கலாம், எந்த மடையில் தண்ணீர் நின்றால் பயிர் சீக்குப் பிடிக்கும் என்ற அறிவு யாருடையது என்பதை எழுத எந்த ஓலையும் நறுக்கப்படவில்லை.

அந்த அறிவு யாரிடம் இருந்தது என்பதற்கு எதிரிகளே சாட்சி சொன்ன ஒரு தருணம் உண்டு. 1907-08 வாக்கில் வெங்ஙானூர்ப் பக்கம் அய்யன்காளி தலைமையில் புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு வயலில் இறங்க மறுத்தார்கள். பூ தவறியது. வயல்கள் புல் மண்டிக் கிடந்தன. நிலத்துக்கு உடையவர்களுக்கு நிலத்தில் என்ன செய்வதென்று கை ஓடவில்லை. கூலி உயர்வுக்கு மட்டுமில்லாமல் எழுத்துக்காகவும் நடந்த விவசாய வேலைநிறுத்தம் அது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

பிறகு உரம் வந்தது. ஹேபர் என்ற ஜெர்மானியர் 1909இல் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கிக் காட்டினார். நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தம், நானூறு ஐந்நூறு டிகிரி வெப்பம் அதற்கு வேண்டும். உளுந்து வேரின் முடிச்சு அதே வேலையைச் சேற்று வெப்பத்தில் செய்கிறது என்பது வேறு விஷயம். நம் பக்கத்தில் அந்தத் தொழிற்சாலையைக் கட்டியது இதே திருவிதாங்கூர்தான். ஆலுவாயை ஒட்டி 1943இல் ஃபாக்ட் கம்பெனி உருவாகி, 1947இல் அம்மோனியம் சல்பேட் வெளிவந்தது. தொடக்கத்தில் விறகை எரித்து வாயு எடுத்தார்கள். மூட்டை ஊருக்குள் வந்தபோது பெரியவர்கள் 'சல்பேட்டு' என்று பேர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் இயற்கை வேளாண்மைத் தோழர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ரசாயன உரம் மண்ணைக் கெடுத்தது என்கிறார்கள். அளவில்லாமல் போட்டதில் கெட்டது உண்மைதான். ஆனால் பாட்டியிடம் கேட்டேன், சல்பேட்டு வந்தப்போ எப்படி இருந்தது என்று. 'காலு தப்பிச்சுது' என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் விடுதலையின் சரித்திரத்தில் 1855க்கு இடமில்லை, சல்பேட்டு மூட்டைக்கு இடமிருக்கிறது. குழை மிதிப்பை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் யார் மிதிப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பேசட்டும்.

உரத்தைப் போல விதையும் மாறியது. நாகர்கோவிலை ஒட்டித் திருப்பதிசாரம். நம்மாழ்வாரின் தாய் பிறந்த ஊர் என்று வைணவர்கள் கொண்டாடுவது. (இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் வேறு.) அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1980களில் அங்கிருந்து வந்த நெல் டி.பி.எஸ். 1. அதன் பெற்றோர் இருவர். ஒன்று ஐ.ஆர். 8, இன்னொன்று நம்ம ஊர்க் கட்டிச்சம்பா. ஐ.ஆர். 8, 1966இல் பிலிப்பைன்ஸ் நிலையத்தில் வெளியானது. அதற்குத் தைவானின் குட்டை நெல் ஒரு பக்கம், இந்தோனேசியாவின் பீட்டா மறுபக்கம். பீட்டாவுக்கும் வங்காளத்து லத்திசைல் நெல் ஒரு பெற்றோர். இப்படிப் பாட்டன் பூட்டன் வரை பெயர் சொல்கிறார்கள். கட்டிச்சம்பாவுக்கு வந்ததும் வம்சாவளி நின்றுவிடுகிறது. 'உள்ளூர் ரகம்', அவ்வளவுதான். களத்தில் பொலி தூற்றும்போது நல்ல கதிரைத் தனியே எடுத்து, விதைக்கோட்டை கட்டி, பூச்சி அண்டாமல் காத்து, வருஷா வருஷம் அந்த 'உள்ளூரை' உண்டாக்கிய கைகளுக்கு ஆராய்ச்சிப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்ததில்லை. சோயாவைப் பாருங்கள். இன்றைக்கு உலகத்தில் மிகுதியாக ஆராயப்படும் பயிர்களில் அது ஒன்று. 1960களில் அமெரிக்க இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் கூட்டோடு பந்த்நகரிலும் ஜபல்பூரிலும் சோதித்து, மத்தியப் பிரதேசமெல்லாம் பரவி, நம்ம அடுப்படிக்கு மீல்மேக்கராக வந்து சேர்ந்தது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன காலத்தில் சோயா சில இடங்களில் வெளிறிப்போய் நின்றதாம். வேரில் முடிச்சில்லை. அதற்கு வேண்டிய தனி பாக்டீரியா அந்த மண்ணில் இல்லை. பழைய சோயா வயலிலிருந்து மண்ணை அள்ளிக் கொண்டுபோய்ப் புது வயலில் தூவிய பிறகே பயிர் தேறியது.

அடுத்து நோய். 1954இல் வட கரோலினாவில் சோயா வேரைத் தின்னும் ஒரு நூற்புழு தென்பட்டது. ஆயிரக்கணக்கான விதைகளைச் சோதித்ததில் ஒரு சிலதான் தாக்குப்பிடித்தன. 'பீக்கிங்' என்று பெயரிட்ட, சீனத்திலிருந்து வந்த கறுப்பு விதை ஒன்று. 88788 என்று எண் மட்டும் உள்ள இன்னொரு சீன விதை. அமெரிக்காவில் இந்தப் புழுவைத் தாங்கும் சோயா ரகங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த எண்ணின் பிள்ளைகள். 2010இல் சோயாவின் முழு மரபுத்தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். 2012இல் ரகசியமும் தெரிந்தது. சாதாரண சோயாவில் ஒரே தடவை இருக்கும் ஒரு மரபுத் துண்டு, அந்த விதையில் பத்துத் தடவை அடுக்கியிருக்கிறது. அருமையான அறிவியல், மறுக்கவில்லை. அந்தப் பத்து அடுக்கும் கெடாமல் தலைமுறை தலைமுறையாய் விதைத்து வந்த சீனத்துக் குடியானவருக்கு ஓர் எண்கூட இல்லை.

அடிமையாய்ப் பிறந்தவரே இந்த அறிவியலைக் கையில் எடுத்த கதையும் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1864 வாக்கில் மிசௌரியில் அடிமைப் பிள்ளையாகப் பிறந்தார். கார்வர் என்பதே உடைமைக்காரனின் பெயர். அயோவாவில் செடி நோய்க்காளான்களைப் படித்து, 1896இல் கறுப்பினத்தாரின் டஸ்கீகி நிறுவனத்துக்கு வந்தார். 1943இல் சாகும்வரை அங்கேதான். பருத்தி உறிஞ்சி எடுத்த மண், அதில் கடனில் மூழ்கிய கறுப்பு வாரக்குடிகள். அவர்களிடம் போய், தட்டைப்பயறு போடுங்கள், நிலக்கடலை போடுங்கள், சோயா போடுங்கள், வேர்முடிச்சு மண்ணுக்கு உரம் கொடுக்கும், பயறு பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கும் என்றார். 1903இல் தட்டைப்பயறு பற்றி ஒரு சிறு பிரசுரம் போட்டார், சமையல் செய்முறையோடு. காசு கொடுத்து உரம் வாங்க முடியாதவனுக்கு எழுதிய அறிவியல் அது. நாஞ்சில் நாட்டில் அப்படி ஒருவர் வந்திருந்தாலும், அவர் சொன்ன பயறை விதைக்க எங்களிடம் நிலம் ஏது? கார்வரின் ஆட்களுக்கு வாரத்துக்காவது நிலம் இருந்தது.

இப்போது வயலும் குறைந்துவிட்டது. பாட்டி மிதித்த ஏலாவில் பாதி வாழை, மீதியில் வீட்டுமனைக் கல். அறுப்புக்கு மிஷின் வருகிறது. நெல் விழாவில் கட்டிச்சம்பாவுக்கு மாலை போடுகிறார்கள்.

போன மாசம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். உன்கூட வரிசையில் நின்று குழை மிதித்தவர்கள் பெயரைச் சொல்லு என்றேன். 'அது எதுக்குலே இப்போ?' என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வரப்பு ஓரத்திலிருந்து நின்ற வரிசைப்படியே சொல்லிக்கொண்டு வந்தாள். பதினோரு பேர். ஒன்பது பெயர் வந்தது. நாலாவதாய் நின்றவளும் கடைசியில் நின்றவளும் வரவில்லை. கடைசியில் நின்றவள் இடது காலைச் சாய்த்து மிதிப்பாளாம். பெயர் மட்டும் வரவில்லை. மேலத்தெருவில் பாட்டியின் தங்கை இருக்கிறாள், அவளுக்குத் தெரிந்திருக்கலாம். காது சரியாகக் கேட்காது, சத்தமாய்க் கேட்க வேண்டும்.