மண்பானை முத்திரையும் பாலாறும்

நம்ம நாகரசம்பட்டியிலேர்ந்து கிருஷ்ணகிரி போய் சென்னை ரோட்டைப் பிடிச்சா வாணியம்பாடி, ஆம்பூர் வரும். தோலுக்குப் பேர் போன ஊருங்க. தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்க அப்பல்லாம் பென்டாகுளோரோஃபீனால் சேர்ப்பாங்க. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல அது இருந்தா விற்கக்கூடாதுன்னு 1989-ல ஜெர்மனி தடை போட்டுச்சு. நம்ம ஏற்றுமதியாளருங்க மாற்று மருந்து தேட வேண்டியதாப் போச்சு. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்துச்சு.

1991-ல மத்திய அரசும் 'எக்கோமார்க்'னு சொந்த முத்திரை கொண்டுவந்துச்சு. சின்னம் மண்பானை. கட்டாயமில்லை, விரும்பினா வாங்கிக்கலாம். வாங்கினவங்க ரொம்பக் கொஞ்சம். 2024-ல விதிகளைப் புதுசா எழுத வேண்டியதாச்சு.

ஆனா ஒண்ணு கவனிங்க மக்களே. ஜெர்மனி சோதிச்சது செருப்பைத்தான், பாலாத்தை இல்லை! போட்டுக்கிறவர் கால் தப்பிச்சுது. ஆத்தோரத்துக் கிணறு தப்பிக்கலை. அதுக்கு வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகவேண்டி வந்தது. 1996-ல தீர்ப்பு: கெடுத்தவனே செலவை ஏத்துக்கணும், தோல் ஆலை ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம்.

2005-ல தொடங்கின லெதர் வொர்க்கிங் குரூப், ஆலையோட கழிவுநீரையும் சோதிக்குது. ஏற்றுமதி முத்திரைன்னா இதையும் பார்க்கணும். இல்லேன்னா அது வாங்குற நாட்டுக்கு மட்டும்தான் காவல்.