வீரபாண்டித் திடலின் ராட்டினம்

போடிநாயக்கனூரிலும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளிலும் வாழ்வோருக்குக் கேளிக்கைப் பூங்கா என்பது, மதிலும் வாயிலும் கொண்டு ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. சித்திரையில், தேனியை அடுத்த வீரபாண்டியில், முல்லையாற்றங்கரையிலுள்ள கௌமாரியம்மன் ஆலய உற்சவத்தை ஒட்டி வந்திறங்கி, எட்டு நாள் ஜனசமுத்திரத்தின் நடுவே சுழன்று, பிறகு கழற்றி வண்டியேற்றப்பட்டு வேற்றூர்த் திருவிழாவை நாடிச் செல்வதே அது.

அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருவோர் நேர்த்தியை நிறைவேற்றிய பின்பே, குழந்தைகளின் கையைப் பற்றிக்கொண்டு ராட்டினத் திடலுக்குத் திரும்புவர். காலமும் அவர்களுக்கு அனுகூலமானது. ஆடி ஆவணியில் தொடங்கிய ஏலக்காய்ப் பறிப்பு தை மாசியோடு ஓய்ந்துவிடுமாதலால், மலையிலிருந்து இறங்கிவரச் சித்திரையில்தான் அவகாசம் வாய்க்கும்.

கிணற்றில் நீர் இறைக்கும் உருளைக்கும் நூல் நூற்கும் கருவிக்கும் வழங்கிய ராட்டினம் என்னும் பெயரையே நம் முன்னோர் இதற்கும் சூட்டினர். என் பாலியத்தில் நான் ஏறியது மரத்தாலான தொட்டில் ராட்டினம். குறுக்கிட்ட சட்டங்களின் முனைகளில் நான்கு தொட்டில்கள், அச்சில் எண்ணெய், தள்ளுவதற்கு இரண்டு ஆட்கள். ஒரு தொட்டிலில் பருத்தவர் ஏறினால், எதிர்த் தொட்டிலில் அதற்கீடாக இரு சிறுவரை அமர்த்திப் பாரத்தைச் சமன் செய்த பின்பே சுழற்றத் தொடங்குவார்கள்.

இவ்வித்தை பழையது. 1620-இல் பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலப் பிரயாணி, துருக்கிய சாம்ராஜ்யத்திற்குட்பட்டிருந்த பல்கேரிய நாட்டு நகரொன்றில் இத்தகைய சக்கரங்களைக் கண்டு எழுதிவைத்தார். 1893-இல் சிகாகோ கண்காட்சியில் பெர்ரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயரத்தில், 36 பெட்டிகளில் 2,160 பேரை ஏற்றும் இரும்புச் சக்கரத்தை நீராவியால் சுழற்றிக் காட்டியபின், அதன் வழித்தோன்றல்கள் உலகெங்கும் பரவின. இன்று மின்விளக்குகள் பூண்டு வீரபாண்டியில் சுழலும் ராட்சத ராட்டினமும் அவ்வம்சத்தைச் சேர்ந்ததே.

நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உழைப்பவர்கள் காசு கொடுத்து இச்சிறு உயரத்தை நாடுவானேன் என்று நான் நெடுநாள் சிந்தித்ததுண்டு. ஏலச்செடியின் காய்ச்சரம் அடித்தூரிலிருந்து கிளம்பி நிலத்தை ஒட்டியே படர்வதால், பறிக்கும் பெண் நாள் முழுவதும் மரநிழலில் குனிந்தபடியே இருக்கிறாள். விசாலமான ஆகாயம் அவள் கண்ணுக்கு அரிது. மலையேற்றம் அவளுக்கு உழைப்பு. உழைப்பின்றி உயரும் சுகத்தை ராட்டினம் ஒன்றே அளிக்கிறது.

ஒருமுறை, உச்சியில் தொட்டில் நின்றபோது, என் எதிரே அமர்ந்திருந்த தாய் ஒருத்தி அச்சத்தை மறந்து நிமிர்ந்து, மேற்கே நீலமாய்த் தெரிந்த தொடரைக் காட்டி மகனிடம் சொன்னாள்: "அந்தா பாருடா, நம்ம மலை!"