பாவும் ஊடும் வரியும்

கைத்தறி நெசவின் நலிவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மான்செஸ்டரிலேயே தொடங்கி மான்செஸ்டரிலேயே முடித்துவிடுகின்றனர். ஆலைத் துணி வந்தது, தறி ஓய்ந்தது என்பது பாடநூல் சொல்லும் வரலாறு. அது பொய்யன்று என்றாலும், சென்னை மாகாணத்துத் தறிகளின் கதை அத்தனை நேரானதாக இல்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் மிகுதியான கைத்தறிகள் ஓடிய இந்திய மாகாணங்களில் இதுவும் ஒன்று. நெசவாளர் தம் நூலைத் தாமே நூற்றவர் அல்லர். ஆலையில் நூற்ற நூலை வாங்கியே நெய்தனர். ஆகவே அவர்களுடைய அடுப்பில் உலை கொதிப்பதும் கொதிக்காததும் இரண்டு விலைகளைப் பொறுத்தது. நூல் வாங்கும் விலை ஒன்று. எதிரே நிற்கும் ஆலைத் துணி விற்கும் விலை மற்றொன்று. இவ்விரண்டின் மீதும் அரசின் கை எப்போதும் இருந்திருக்கிறது.

1896இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்தது. இறக்குமதித் துணிக்கு 3.5 விழுக்காடு சுங்கவரி. லங்காஷயர் முதலாளிகள் மனம் கோணாதிருக்க, இந்திய ஆலைகளில் நெய்யும் துணிக்கும் அதே 3.5 விழுக்காடு உற்பத்தி வரி. நூலுக்கு இரண்டுமே இல்லை. பம்பாய் ஆலை முதலாளிகளும் தேசிய இயக்கத்தாரும் இந்த உற்பத்தி வரியைக் கொதித்தெழுந்து எதிர்த்தனர். எதிர்த்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் சேலத்திலோ மேலப்பாளையத்திலோ தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவருக்கு அந்த வரி எப்படித் தெரிந்திருக்கும்? அவர் வாங்கிய நூலுக்கு வரியில்லை; அவரோடு போட்டியிட்ட இரு துணிகளுக்கும் வரி உண்டு. அவருக்காக யாரும் இதைச் செய்யவில்லை. லங்காஷயருக்கும் பம்பாய்க்கும் நடந்த இழுபறியில் சிந்திய தானியம் அவருக்குக் கிடைத்தது, அவ்வளவே.

அந்தத் தானியமும் நிலைக்கவில்லை. 1922இல் இறக்குமதி நூலுக்கு 5 விழுக்காடு வரி வந்தது. 1925இன் இறுதியில் ஆலைத் துணி மீதான உற்பத்தி வரி நிறுத்தப்பட்டது. தேசியவாதிகள் அதை வெற்றியாகக் கொண்டாடினர். 1927இல் ஜப்பானிய நூலின் போட்டியிலிருந்து இந்திய நூற்பாலைகளைக் காக்க, 5 விழுக்காடு அல்லது ராத்தலுக்கு ஒன்றரை அணா, இவற்றில் எது கூடுதலோ அதை வரியாக விதித்தனர். ஐந்தே ஆண்டுகளில் தராசு தலைகீழாயிற்று. இந்தியத் தொழிலுக்குப் பாதுகாப்பு என்று எழுதும் வரலாற்று நூல்கள், கைத்தறியும் ஓர் இந்தியத் தொழில்தான் என்பதை இவ்விடத்தில் ஏனோ மறந்துபோகின்றன.

போர்க்காலம் வேறு வகையானது. 1941இன் இறுதியில் ஜப்பான் போரில் இறங்கியதும் அங்கிருந்து வந்த நூல் முற்றாக நின்றது. துணி விலை பன்மடங்காக ஏறியபோது, 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. ஆலைத் துணியில் விலையை முத்திரையிட்டு விற்க வேண்டும். நூலை உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே கொடுக்க வேண்டும். குடும்பத் தலைவியர் பங்கீட்டுக் கடையில் வரிசையில் நின்று முத்திரை விலைக்குச் சேலை வாங்கினர். நெசவாளருக்கோ, தறிக்கு இவ்வளவு என்று அளந்த நூல் முத்திரை விலைக்குக் கிடைக்கவில்லை. துணிக்கு வாங்குவோர் பல்லாயிரம் பேர், எழுப்பக் குரலும் உண்டு. நூலுக்கு வாங்குவோர் தெருக்கோடியில் ஒரு சமூகத்தார். கள்ளச் சந்தை எங்கே பெருகும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. 1948 தொடக்கத்தில் கட்டுப்பாட்டைத் தளர்த்தினர், விலை எகிறியது, அதே ஆண்டிலேயே மீண்டும் கொண்டுவந்தனர். இதற்கிடையே 1947 பிரிவினையில் நல்ல பருத்தி விளையும் நிலங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. 1949இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைக்க, பாகிஸ்தான் குறைக்க மறுக்க, அங்கிருந்து வரவேண்டிய பஞ்சும் முடங்கியது.

தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953இல் வெளிவந்தபோது இந்த வரலாறு முழுவதும் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றது. அம்பாசமுத்திரத்து நெசவாளரைக் களமாகக் கொண்ட அந்நாவலைச் சோசலிச யதார்த்தவாதத்தின் தமிழ் முன்னோடி என்று வகைப்படுத்திவிட்டு விமரிசகர்கள் நகர்ந்துவிடுகின்றனர். செக் மொழியில் பெயர்க்கப்பட்ட செய்தியையும் தவறாமல் குறிப்பிடுவர். எனக்கு அதன் தலைப்பே போதுமானதாகத் தோன்றுவதுண்டு. நெசவாளரின் பசியைப் பற்றி எழுத வந்தவர் அதனோடு தறியையோ துணியையோ சேர்க்கவில்லை, பஞ்சைச் சேர்த்தார். வகுப்பில் இதைச் சொன்னால், “மோனைக்காக வைத்திருப்பார் ஐயா” என்கிறார்கள் மாணவர்கள். மோனைக்காகவும்தான்.

இனி 1952. கொரியப் போரையொட்டிய விலையேற்றம் சரிந்த ஆண்டு அது. உயர்ந்த விலைக்கு நூல் வாங்கி நெய்த துணி, விலை விழுந்த சந்தையில் தேங்கியது. தமிழ்நாட்டு நெசவூர்களில் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. பாவு விரித்துக் கஞ்சி போட வேண்டிய தெருவில், ஆட்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றனர். ஏப்ரலில் முதலமைச்சரான ராஜாஜி, ஜூனில் உணவு தானியக் கட்டுப்பாட்டை ஒரே வீச்சில் நீக்கியவர். சந்தையை அதன் போக்கில் விடவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதே ராஜாஜி, துணி விஷயத்தில் மிகக் கடுமையான ஒரு கட்டுப்பாட்டை மத்திய அரசிடம் கேட்டார்: வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமை கைத்தறிக்கு மட்டுமே இருக்கவேண்டும், ஆலைகள் அவற்றைத் தொடக்கூடாது. இதை முரண்பாடு என்று அவருடைய எதிரிகள் சொல்லலாம். எனக்கு இதில் ஒரு நிர்வாகியின் கண் தெரிகிறது. சென்னை மாநிலத்துப் பஞ்சாலைகளில் பெரும்பாலானவை நூற்பாலைகள். கைத்தறிதான் அவற்றின் வாடிக்கை. துணி நெய்யும் பெரும் ஆலைகள் பம்பாயிலும் அகமதாபாத்திலும் இருந்தன. ராஜாஜி கேட்டது கிடைத்திருந்தால் நெசவாளரும் கோயம்புத்தூர் நூற்பாலையும் ஒருங்கே பிழைத்திருப்பர். நஷ்டம் வடக்கே போயிருக்கும்.

வடக்கே மட்டுமா போயிருக்கும்? இங்கேதான் சிக்கல். ஆலை வேட்டியை உடுத்தியவர்கள் யார்? பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். வெண்மணி வயலில் நாற்று நடுபவளுக்குக் கைத்தறிச் சேலையைவிட ஆலைச் சேலை மலிவு. அம்பாசமுத்திரத்துக் குடும்பத்தைக் காக்க அவள் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்று எந்த அரசு சொல்லும்? சொன்னால் அது நியாயமாகுமா? ஒரு நெசவூரின் வாழ்வையும் ஒரு கூலிக்காரியின் முந்தானையையும் எதிரெதிரே நிறுத்தும் கேள்வி இது. இரு பக்கத்திலும் ஏழைகளே இருப்பதால், மேடைப் பேச்சில் இதைத் தீர்க்க இயலாது. 1953இல் திராவிட முன்னேற்றக் கழகத்தார் கைத்தறித் துணிகளைத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றனர். நல்ல காரியந்தான். வாங்கியவர்கள் மனமுவந்து கூடுதல் விலை தந்தவர்கள். சட்டத்தின் வழியாகத் தரவைப்பது வேறு.

மத்திய அரசு வழக்கம்போல் நடுவில் நின்றது. 1952இன் இறுதியில், ஆலைகள் தாம் முன்னர் நெய்துவந்த வேட்டியின் அளவில் 60 விழுக்காடு மட்டுமே நெய்யலாம் என்று ஆணையிட்டது. சேலையைத் தொடவில்லை. 1953இல் ஒரு சட்டம் இயற்றி, ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு 3 பைசா கூடுதல் தீர்வை விதித்தது. இந்தப் பைசா பழைய பைசா. 12 பைசா ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். எட்டு கெஜச் சேலை வாங்கும் வீட்டுக்கு இரண்டணா கூடுதல் செலவு. நான்கு கெஜ வேட்டிக்கு ஓரணா. யாரும் பெரிதாக முணுமுணுக்காத அளவு. இப்படி வீடுதோறும் அணா அணாவாகத் திரட்டிய பணம் கதர், கைத்தறி வளர்ச்சிக்குப் போனது. கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடனாகவும், துணி வாங்குவோருக்குத் தள்ளுபடியாகவும் வந்தது. 1935இலேயே தோன்றிவிட்ட கோ-ஆப்டெக்ஸின் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்து போர்வை வாங்காத நடுத்தரக் குடும்பம் தமிழ்நாட்டில் உண்டோ?

தள்ளுபடி வாங்குபவருக்கு மகிழ்ச்சி. விற்காமல் தேங்கிய சரக்கும் நகர்ந்தது. ஆனால் அந்தப் பணம் துணி விற்கும் வாசலில் நின்றது. நூல் வாங்கும் வாசலுக்கு வரவில்லை என்பதே என் குறை. தடித்த ரகத் துணியின் அடக்க விலையில் பெரும்பகுதி நூல். நூல் விலை ஏறும்போதெல்லாம் தள்ளுபடி அதில் கரைந்தது. சங்கத்தில் சேராத நெசவாளருக்கு அதுவும் இல்லை. முதலாளியிடம் நூல் வாங்கி நெய்து கூலி பெற்றவர் பெயர்களை வைத்தே சில ஊர்களில் காகிதச் சங்கங்கள் தோன்றி, தள்ளுபடி முதலாளியின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்த கதையை நெசவூர்க்காரர்கள் அறிவர்.

ஆலை வேட்டியைக் குறைத்ததால் உண்டான இடத்தைக் கைத்தறி நிரப்பியதா என்றால், ஒரு பகுதியைத்தான். மீதியை விசைத்தறி நிரப்பியது. பெரிய ஆலைக்குத் தீர்வை, உற்பத்திக் கட்டுப்பாடு இரண்டும் உண்டு. நான்கு தறிகளுக்கு உட்பட்ட விசைத்தறிக் கூடத்துக்குத் தீர்வை இல்லை. தம்பி பேரில் நான்கு, மனைவி பேரில் நான்கு, மைத்துனர் பேரில் நான்கு என்று கூடங்கள் பெருகின. கைத்தறியைக் காக்கப் போட்ட வேலிக்குள் விசைத்தறி வந்து மேய்ந்தது. அதையும் வில்லனாக்கிவிட முடியாது. ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. வயல்காட்டுக் கூலிக்காரிக்கு மலிவான சேலையைத் தந்ததும் அதுதான்.

நூல் வாசலில் அரசு செய்த ஒரே பெரிய காரியம் சிட்டா நூல் விதி. கைத்தறிக்காரர் சிட்டாவாக வாங்கி, ராட்டையில் இழைத்துத் தார் சுற்றுவார். விசைத்தறிக்குக் கோன் நூல் வசதி. நூற்பாலைகள் உள்நாட்டு விற்பனைக்குத் தரும் நூலில் பாதியைச் சிட்டாவாகவே கட்ட வேண்டும் என்பது விதி. அந்நூலுக்கு வரிச் சலுகையும் உண்டு. நல்ல எண்ணம். ஆனால் வரி குறைந்த சிட்டாவை வாங்கிக் கோனாகச் சுற்றி விசைத்தறிக்கு விற்பது ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்தது. பாதி என்பது 2003இல் 40 விழுக்காடாகவும் 2019இல் 30 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம், வீட்டுச் செலவையும் தறியின் வேலையையும் ஒரே முடிச்சில் கட்டப் பார்த்தது. அது தந்த வேலையில் பெரும்பங்கு காலப்போக்கில் விசைத்தறிக்குப் போனது. 1985இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் 22 வகைகள் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டன. ஆலையினரும் விசைத்தறியினரும் வழக்காடினர். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1996இல் வகைகள் 11 ஆகச் சுருங்கின. ராஜாஜி கேட்டது ஒருவகையில் கிடைத்தது, முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து.

2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது பருத்தி நூலுக்கு 5 விழுக்காடு என்று விகிதம் குறித்தனர். பதிவு பெற்ற துணி வணிகர் தாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியுண்டு. இரண்டு தறி வைத்துச் சொந்தமாக நூல் வாங்கி நெய்பவர், பதிவு செய்ய வேண்டிய வரம்புக்கு மிகக் கீழே இருப்பவர். அவர் கட்டிய வரி அவருடைய துணியின் விலைக்குள்ளேயே தங்கிவிடும். 1922இல் போட்டதும் இதே 5 விழுக்காடு.