சதுரத்தில் அடங்காத நிலம்

அமெரிக்காவில் ஒஹாயோவுக்கு மேற்கேயுள்ள பெரும் பகுதியின் வரைபடம் சதுரங்கப் பலகை போலிருக்கும். 1785-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக வகுத்தது. அங்கு முன்பே வாழ்ந்த பழங்குடியினரை அது பொருட்படுத்தவில்லை. இச்சதுரமே டவுன்ஷிப். அதனுள் 36 கட்டங்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16-ஆம் கட்டம் பள்ளிக்கூடத்துக்கு. (ஆசிரியனுக்குப் பிடித்த எண்!)

66 அடிச் சங்கிலியால் அளந்தார்கள். 80 சங்கிலி ஒரு மைல். ஆனால் பூமி உருண்டையாயிற்றே! வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குகின்றன. 40 பாகை வடக்கில், ஒரு டவுன்ஷிப்பின் வடக்கெல்லை தெற்கெல்லையைவிட ஏறத்தாழ 40 அடி குறுகும். பிழை பெருகாமலிருக்க, இடையிடையே திருத்தக் கோடு போட்டுப் புதிதாக அளந்தனர். நேரான சாலைகள் அங்கே சட்டென்று விலகி வளைவதன் காரணம் இதுதான்.

1862-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வழங்கியது. கணக்குப்படி ஒரு சதுரத்தில் 144 குடும்பங்கள். குடும்பத்துக்கு ஐவரென்றால் 720 பேர். மழைதான் இக்கணக்குக்கு இணங்கவில்லை. வறண்ட மேற்குச் சமவெளியில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. பின்னர் டிராக்டர் வந்தது. பண்ணைகள் பெருத்தன, ஆட்கள் குறைந்தனர். வட டகோட்டாவில் ஐம்பது பேர்கூட இல்லாத டவுன்ஷிப்புகள் இன்று பல உண்டு.