முளையும் எச்சமும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் ‘ரூடிமென்டரி’ என்றோர் அடைமொழி வழங்குகின்றது. அகராதியைப் புரட்டுவோர் அதற்கு ‘அடிப்படையான’, ‘தொடக்க நிலையிலுள்ள’, ‘வளர்ச்சியுறாத’, ‘குறைபட்ட’ என்றெல்லாம் பொருள் காண்பர். ஆயினும், ஒரு மாணவனின் மொழியறிவு அடிப்படையானது என்பதும் குறைபட்டது என்பதும் ஒன்றாகா. முன்னது அவன் காலூன்றிவிட்டான் என்கிறது. பின்னது அவன் தேறவில்லை என்கிறது. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் எவ்வாறு குடிபுகுந்தன என்பதை அதன் வரலாறு விளக்கும்.

இலத்தீன் மொழியில் ‘ரூடிஸ்’ என்பது பண்படாத, உழப்படாத, பயிற்சி பெறாத என்னும் பொருளது. அதனடியாகப் பிறந்த ‘ரூடிமென்டும்’ என்னும் பெயர்ச்சொல் முதற்பயிற்சியைக் குறித்தது. கி.மு. 19-இல் மறைந்த பெருங்கவிஞர் வர்ஜில், தம் ‘ஈனீட்’ காப்பியத்தின் 11-ஆம் காண்டத்தில் இச்சொல்லை ஆள்கிறார். போரில் மாண்ட இளவல் பல்லாஸின் உடலைத் தழுவித் தந்தை எவாண்டர் அரற்றும் இடம் அது. மகன் போர்க்களத்தில் பெற்ற கொடிய முதற்பாடத்தையே அச்சொல் அங்குச் சுட்டுகின்றது. அதில் இரக்கம் உண்டு. இகழ்ச்சி சிறிதும் இல்லை.

இதே வேரிலிருந்து வேறிரு ஆங்கிலச் சொற்களும் கிளைத்தன. ‘ரூட்’ என்பது முரட்டுத்தன்மையுடையவனைச் சுட்டும். ‘எருடைட்’ என்பது கற்றுத் துறைபோகியவனைச் சுட்டும். கரட்டுத்தன்மையினின்றும் வெளிக்கொணரப்பட்டவன் என்பதே பின்னதன் வேர்ப்பொருள். முரடனும் புலவனும் ஒரே வேரினர். இடையே நிற்பது கல்வி ஒன்றே.

எனவேதான் ஐரோப்பிய ஆசிரியர்கள் தம் பாடநூல்களுக்கு இச்சொல்லை விரும்பிச் சூட்டினர். நிக்கோலோ பெரோட்டி எழுதிய இலத்தீன் இலக்கணம் 1473-இலும், ரோய்க்லின் எழுதிய எபிரேய நூல் 1506-இலும் இப்பெயர் தாங்கி வெளிவந்தன. ஆக்சிஜன் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற பிரீஸ்ட்லி, 1761-இல் ஆங்கில இலக்கணத்தின் ‘ரூடிமென்ட்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். தமிழும் இவ்வரிசையில் இடம்பெற்றது. ராபர்ட் ஆண்டர்சன் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கணம் 1821-இல் இதே தலைப்புடன் இலண்டனில் அச்சேறியது. தமிழ் வளர்ச்சியுறாத மொழி என்பது அத்தலைப்பின் பொருளன்று. தமிழ் கற்கப் புகுவோர்க்கு இது வாயில் என்பதே பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடைமொழியின் போக்கு மாறிற்று. சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலில், பயன்குன்றி எஞ்சி நிற்கும் உறுப்புகளை ‘ரூடிமென்டரி’ என்றார். ஒரு சொல்லில் ஒலிக்கப்படாமல் எழுத்தில் மட்டும் நிற்கும் எழுத்து, அச்சொல்லின் பிறப்பை உணர்த்துவது போல, இவ்வுறுப்புகளும் உயிரின் முன்னோரை உணர்த்தும் என்பது அவர் காட்டிய உவமை. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலில் ஒலியின்றி நிற்கும் ‘கே’ எழுத்து இதற்குத் தக்க சான்று. பழைய ஆங்கிலத்தில் அது ஒலிக்கப்பட்டது. 1871-இல் வந்த மனிதத் தோற்றம் பற்றிய நூலில், இத்தகைய எச்சங்களை, வளரத் தொடங்கும் உறுப்புகளினின்றும் வேறுபடுத்த வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். கருவில் அரும்பும் உறுப்பையோ கருவியலார் ‘ரூடிமென்ட்’ என்றே வழங்கினர். இவ்வாறு முளைக்கும் எச்சத்திற்கும் ஒரே பெயர் வாய்த்தது. இன்று எச்ச உறுப்புகளுக்கு அடிச்சுவடு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘வெஸ்டிஜியல்’ என்பதே பெருவழக்கு.

இக்குழப்பம் உயிரியலோடு நிற்கவில்லை. பிற மக்களின் மொழிகளையும் தொழில்களையும் வளர்ச்சியுறாதவை என மதித்த ஐரோப்பியர் பலர் இத்தகைய அடைமொழிகளைத் தாராளமாக வழங்கினர். எட்வர்ட் சபீர் 1921-இல் வெளியிட்ட ‘மொழி’ என்னும் நூலில் இக்கருத்தை மறுத்தார். எழுத்தறியா மக்களின் மொழியும் முழுமையான அமைப்புடையதே என அவர் நிறுவினார். மனிதனின் குடல்வாலும் பயனற்ற எச்சம் என்றே முன்னர் எண்ணப்பட்டது. அதில் நோயெதிர்ப்புத் திசு உண்டென இன்று அறியப்பட்டுள்ளது. ஒன்றைக் குறைபட்டது என்னும் தீர்ப்பு, பல வேளைகளில் தீர்ப்பளிப்பவனின் அறியாமையையே காட்டுகின்றது.

ஆகவே மொழிபெயர்ப்போர் இடமறிந்து பெயர்த்தல் வேண்டும். அறிவைப் பற்றி வருமிடத்துத் ‘தொடக்கநிலை’ என்பது பொருந்தும். கருவியையோ குடிலையோ பற்றி வருமிடத்துச் ‘செப்பமுறாத’ என்பது தகும். பறக்கவியலாத கிவிப் பறவையின் சிற்றிறகை ‘எச்சம்’ என்பதே பொருத்தம். பெயரெச்சம், வினையெச்சம் எனப் பயின்ற தமிழ் மாணவர்க்கு அது புதிய சொல்லுமன்று.

‘அரிச்சுவடிகூட அறியான்’ என்பது தமிழில் வசையாக வழங்குகின்றது. அரிச்சுவடி அறிந்தவன் என்பதோ வசையாகாது. மாணவனின் தேர்ச்சிக் குறிப்பில் ‘ரூடிமென்டரி’ என்று எழுதும் ஆசிரியர், அதனை முளை என்னும் பொருளில் எழுதுகிறாரா, குறை என்னும் பொருளில் எழுதுகிறாரா என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. முளையைக் குறையென்று கருதினால் நீர் வார்ப்பார் இலர்.